இந்துமதி சார்ஜர்

அந்தப் பிளக்குல சொருகாதீங்க தம்பி, அது செத்த பிளக்கு. ஈரோட்டுல ஏறுனதுமே நான் போட்டுப் பார்த்துட்டனுங்க. இக்கட்ட வாங்க. இந்த ஜன்னலோரத்துப் பிளக்கு நல்லா இருக்குது. என்ற சார்ஜர்தான் மாட்டியிருக்குது, பரவால்லீங்க, அதுல இன்னொரு வாய் சும்மாத்தான் கெடக்குது. உங்க வயரைச் சொருகுங்க.

ஏனுங்க அப்படிப் பார்க்கறீங்க? என்ற போன்ல சார்ஜு நெறைஞ்சுதானே இருக்குது, எதுக்கு மாட்டி வெச்சிருக்கறான் இந்தாளுன்னுங்களா? அது அப்படித்தானுங்க. நான் எப்பவும் ரொப்பியேதான் வெச்சிருப்பேன். திடீர்னு ஆராச்சும் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃபுன்னு வந்துறக் கூடாதில்லீங்களா.

சித்த இருங்க. சொருகறதுக்கு முன்னாடி இந்தச் சார்ஜரைக் கையில வாங்கிப் பாருங்க. லேசா இருக்குதுங்களா? பொரி உருண்டையாட்ட இருக்குதா? இதைக் கையில வாங்கிப் பார்த்துட்டுத்தான் நான் வேண்டாம்னு சொன்னேன். சிரிக்காதீங்க. கேளுங்க, கேட்டுட்டு நாயம் சொல்லுங்க. நீங்க பெங்களூரு போறவரு, நான் ஓசூர்ல எறங்கறவன். அதுக்கப்புறம் நீங்க ஆரோ நான் ஆரோ. அதனாலதான் சொல்றேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. ஈரோட்டுல நம்முளுது செல்போன் சாமான் மொத்தக் கடைங்க. கவரு, மேல ஒட்டுற கண்ணாடி, இயர்போன், சார்ஜரு. செல்போனைத் தவிர செல்போனுக்கு வேணும்கிறது பூரா இருக்கும். கோபி, பவானி, பெருந்துறைன்னு சுத்துப்பட்டுக் கடைக்காரங்க அத்தனை பேரும் நம்மகிட்டத்தான் சரக்கெடுப்பாங்க. எங்கப்பா மஞ்சள் தரகு பண்ணுனவரு. நான் இந்தத் தொழிலுக்கு வந்துட்டேன், ஆனா என்ற கை மஞ்சக் கைதானுங்க. ஒரு வெரலி மஞ்சளை உள்ளங்கையில வெச்சாப் போதும், சொல்லிப்போடுவேன். கனமா இருந்தாச் சரக்கு. லேசா இருந்தா உள்ள சொத்தை. இது எங்கப்பன் காலத்துலயும் உண்மை, இன்னைக்கும் உண்மை. ஆரும் மாத்த முடியாதுங்க.

எனக்கு ஒரே மக. இந்துமதி. கோயமுத்தூர்ல எலக்ட்ரிகல் படிச்சா. படிச்சு முடிச்சதும், 'வெளிய வேலைக்குப் போகலீங்கப்பா, நம்ம கடைக்கே வர்றேன்'னா. எனக்குப் பெருமை தாங்கலை. கல்லாவுக்குப் பக்கத்துல அவளுக்குன்னு ஒரு சேரு போட்டேன். அவ வந்த பொறவுதான் கடைக்கு ஒரு களை வந்துச்சுன்னு கடைத்தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க. எவனோ ஒருத்தன் பேரு போட்ட சார்ஜரை நாம எத்தனை காலத்துக்கு விக்கறது, நம்ம பேருல ஒண்ணு போடலாம்ப்பான்னு சொன்னவளும் அவதான். ரெண்டு போர்ட்டு, வேகமா ஏத்தற சார்ஜரு. ஊட்டுக்கு நாலு போன் இருக்குது, கட்டிலுக்குப் பக்கத்துல பிளக்கு ஒண்ணுதான் இருக்குது, இதுதான் ஓடும்ப்பான்னா. ஓடுச்சுங்க. அதுல அவ கணக்குத் தப்பலை.

பேரு மட்டும் நான் வெச்சேன். எங்க பக்கத்துல மில்லு கட்டுனாலும் பஸ்சு வாங்குனாலும் பெத்த புள்ள பேரைத்தான் வெப்போம். 'இந்துமதி'ன்னு வெச்சேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. 'சார்ஜருக்கு ஆராச்சும் இந்துமதின்னு பேரு வெப்பாங்களாப்பா? கரண்டு போனா இந்துமதி போச்சும்பாங்க'ன்னா. அவங்கம்மாளும் சேர்ந்துக்கிட்டுச் சிரிச்சா. நான் உட்டுக் குடுக்கலை. கடை போர்டுலயே எழுதிப்போட்டேன், நீலத்துல வெள்ளை எழுத்து. அன்னைக்கு எங்கூட்டுல இருந்த சிரிப்பு இருக்குதுங்களே... சரி, அதை உடுங்க.

நாம கடைக்காரன், நமக்குச் சார்ஜர் செய்யத் தெரியுமா? செஞ்சு, நம்ம பேரை அச்சடிச்சுக் குடுக்கற கம்பெனி வேணும். இந்துமதி எங்கெங்கயோ விசாரிச்சு, ரெண்டு கம்பெனிக்கு வடிகட்டிக் கொண்டாந்தா. ரெண்டையும் நேர்ல போய்ப் பார்த்துட்டு ஒண்ணுக்குக் குடுக்கோணும். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறாப்பலதான்னு வெச்சுக்குங்க.

ஒண்ணு, கோயமுத்தூருக்குப் பக்கத்துல தங்கவேலுன்னு. தூரத்து ஒறம்பரை, மொறைக்கு எனக்கு மச்சான் ஆகோணும். போனமுங்க. மனுசன் கேட்டுக்கே வந்து நின்னாரு. என்ற கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. ஏசி ரூம்பு. தலைவாழை எலை போட்டு வடை பாயசத்தோட சோறு. 'கம்பெனியைச் சுத்திப் பார்த்தீங்களா'ன்னு கேட்கறீங்களா? சாப்பிட்டு எந்திரிக்கவே பொழுது சாஞ்சிருச்சுங்க. இந்துமதிதான் 'செய்யற எடத்தைப் பார்க்கோணும், பார்க்கோணும்'னு என்ற காதுல முணுமுணுத்துட்டே இருந்தா. 'அது எங்க அம்மிணி ஓடியா போகுது, அடுத்த தடவை சாவகாசமாப் பாரு'ன்னாரு மச்சான். சோறு போட்டவங்க ஊட்டுல அடுப்படியை எட்டிப் பார்க்கறதுங்களா? அது நாகரிகமா?

பொறவு ஒரு பீசை என்ற கையில குடுத்தாரு. அடடா! கையில வாங்குனேன் பாருங்க, கிண்ணுனு இருந்துச்சு. நல்ல பெருவட்டு மஞ்சளை வாங்குனாப்பல. எனக்கு அங்கயே மனசு முடிஞ்சு போச்சுங்க. 'டப்பாவுல எத்தனை வாட்டுன்னு போடறதுங்க மச்சான்'னு கேட்டேன். 'உங்களுக்கு எத்தனை வேணும்? அறுபத்தஞ்சு போடட்டுமா, எம்பது போடட்டுமா? மை ஒரே மைதானே'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இந்துமதி மட்டும் சிரிக்கலை. அவளுக்கு அன்னைக்குத் தலைவலின்னு நெனைக்கறேன்.

இன்னொண்ணு, நான் இப்பப் போறனே, இதே ஓசூரு. பத்மஜான்னு ஒரு அம்மா நடத்தறாங்க. சின்ன செட்டுங்க. போனதும் வாசல்ல ஒக்கார வெச்சுட்டாங்க. ஏதோ சோதனை ஓடிட்டு இருக்குதாம், நடுவுல வர முடியாதாம். பேப்பர் கப்புல டீ. சரக்கெடுக்க வந்தவன் நான், என்னை ஒக்கார வெச்சா எப்படி இருக்கும்? வந்தாங்க, வந்து என்னையக் கேள்வி கேட்கறாங்க தம்பி! 'உங்க கடைக்கு ரிப்பேர்னு திரும்பி வர்ற சரக்கை என்ன பண்ணுவீங்க சார்?'னு கேட்டாங்க. 'என்ன பண்றது, தொடைச்சு வேற கடைக்குத் தாட்டி உட்டுருவோம்'னேன். ஊரு வழக்கம் அதுதானுங்களே. அந்தம்மா இந்துமதியை ஒரு பார்வை பார்த்தாங்க. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

வாட்டு எத்தனை போடறதுன்னு அங்கயும் கேட்டேன். 'எத்தனை இருக்குதோ அத்தனைதான் போடுவேன். ஒரு போன் மாட்டுனா இவ்வளவு, ரெண்டு போன் மாட்டுனா ஆளுக்குப் பாதி, அதையும் டப்பாவுல போடுவேன்'னாங்க. நல்லா இருக்குதே! பாதிதான் ஏறும்னு நாமளே டப்பாவுல அடிச்சு வித்தா எவன் வாங்குவான்? அவங்க குடுத்த பீசு, நீங்க இப்பக் கையில வெச்சிருந்தீங்களே, அதுதான். தூக்குனேன். காத்து. சொத்தை மஞ்சளேதான்னு முடிவு பண்ணுனேன்.

ஊட்டுக்கு வந்து அப்பனுக்கும் மகளுக்கும் வாக்குவாதமுங்க. அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? கொரோனா காலத்துல நெத்திக்கு நேரா நீட்டுவாங்களே, காய்ச்சல் பார்க்கற துப்பாக்கி, அதைப் பரண்ல இருந்து தேடி எடுத்துட்டு வந்தா. ரெண்டு சார்ஜரையும் சுவத்துல மாட்டி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு போனைச் சொருகி, சித்த நேரம் கழிச்சுத் துப்பாக்கியை நீட்டுனா. ஓசூரு சார்ஜருக்கு நம்ம ஒடம்புச் சூடு. மச்சான் சார்ஜருக்கு நம்பரே வல்லீங்க, அந்தத் துப்பாக்கி அதுக்கு மேல எண்ணத் தெரியாம கத்துது. 'பாருங்கப்பா, மாமா சார்ஜருக்குக் காய்ச்சல்'னா. 'ஒழைக்கறவனுக்குத்தான் ஒடம்பு சுடும் அம்மிணி'ன்னேன். 'சரி, இது ஏன் இத்தனை கனம்னு ஒரு வார்த்தை கேளுங்கப்பா'ன்னா. கனமா இருக்கற சரக்கைப் பார்த்து ஏன் கனமா இருக்கறேன்னு கேட்பாங்களா? நீங்களே சொல்லுங்க.

முடியலை. அவ ஒரு புடி, நான் ஒரு புடி. கடைசியில நாந்தான் வழி சொன்னேன். 'நீயும் வேண்டாம், நானும் வேண்டாம், ஆத்தாகிட்டக் கேட்டுருவோம்'னு. எங்க குலதெய்வம் கோயில் அறச்சலூருப் பக்கமுங்க. அங்க பூக் கேட்கறது வழக்கம். கல்யாணமா, கெணறு வெட்டறதா, எதா இருந்தாலும் வெள்ளை அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு, ரெண்டையும் தனித்தனிப் பொட்டணமாக் கட்டி ஆத்தா காலடியில வெச்சு, கண்ணை மூடி ஒண்ணை எடுக்கோணும். அதுதான் வாக்கு. இந்துமதிக்கு இதுல எல்லாம் பெருசா நம்பிக்கை கெடையாது. ஆனா யோசிச்சுட்டு, 'சரிங்கப்பா. ஆனா எந்தப் பூ வந்தாலும் ஒத்துக்கோணும். வாக்குக் குடுங்க'ன்னா. கையில அடிச்சுக் குடுத்தேன்.

வெள்ளை வந்தா மச்சான், செவப்பு வந்தா ஓசூருன்னு சொல்லிக் கும்பிட்டு எடுத்தேன். செவப்பு வந்துச்சுங்க.

அது எப்படின்னா தம்பி, நான் எடுக்கையில சூடத்துப் புகை கண்ணுல அடிச்சிருச்சு, கை தடுமாறிப் போச்சு. அதை எப்படிக் கணக்குல சேர்க்கறது? பூசாரிகிட்டச் சொன்னேன், அவரும் ஆமாங்கன்னாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கோணுமில்லீங்களா! மறுபடியும் எடுத்தேன். செவப்பு. அப்பப் பார்த்து எவனோ வெளிய மணியை அடிச்சுட்டான், மனசு ஒரு நெலையில இல்லை. மூணாவது தடவை எடுத்தேன், வெள்ளை! கையெடுத்துக் கும்பிட்டேன். மூணாவதா வர்றதுதானுங்க வாக்கு. ஏலத்துலயும் மூணு தடவை சொன்னாத்தானே முடியுது?

இந்துமதி விறுவிறுன்னு வெளிய நடந்தா. போய்ச் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கார்ல ஒக்காந்துக்கிட்டா. வர்ற வழி பூரா ஜன்னலுக்கு வெளியவே பார்த்துட்டு வந்தா. அவளுக்குக் கார்ல வந்தாத் தலை சுத்தும், சின்ன வயசுல இருந்தே.

சேலம் வந்துருச்சா? ஒரு காப்பி குடிக்கலாமுங்க. இல்லை, இல்லை, நீங்க ஒக்காருங்க, நான் வாங்கறேன். இந்தாங்க.

எங்க உட்டேன்? ஆ. சரக்கு வந்துச்சு. நீல டப்பா, அறுபத்தஞ்சு வாட்டுன்னு பெருசா போட்டு, அதுக்கு மேல 'இந்துமதி'. தீவாளிக்குப் பறந்துச்சுங்க. கடைக்காரங்க எல்லாம் கையில வாங்கி எடை போட்டுப் பார்த்துட்டு, 'என்ன கனமுங்கண்ணா!'ன்னு வாரிட்டுப் போனாங்க. நான் இந்துமதியைப் பார்த்தேன், பாத்தியா அம்மிணிங்கற மாதிரி. அவ பாட்டுக்கு வேலை செஞ்சா. சித்த எளைச்சுப் போயிருந்தா, அவங்கம்மா சொன்னா. நான் கவனிக்கலை, யாவார நேரம்.

வெயில் காலம் வந்துச்சு, ஒண்ணு ரெண்டு திரும்பி வர ஆரம்பிச்சுது. ரெண்டு போன் மாட்டுனாச் சுடுதுன்னாங்க. வெயில்ல எதுங்க சுடாது? எங்கூட்டுக் கொழாய்த் தண்ணியே சுடுது. தொடைச்சு வேற கடைக்குத் தாட்டி உட்டேன். அப்பவும் இந்துமதி வந்து நின்னா. 'வேண்டாம்ப்பா, நிறுத்திருங்கப்பா, என்ற பேரு போட்டிருக்குதுப்பா'ன்னா. உன்ற பேருலதானே ஓடுது, அப்புறம் எதுக்கு நிறுத்தறதுன்னேன்.

அப்புறந்தானுங்க சித்தோட்டுல அது நடந்துச்சு. நர்சுக்குப் படிக்கற ஒரு புள்ளைங்க. தன்ற போனையும் தம்பி போனையும் ஒண்ணா மாட்டியிருக்குது. கருகுற வாடை அடிக்குதேன்னு புடுங்கப் போயிருக்குது. சார்ஜரு உருகி உள்ளங்கையில ஒட்டிக்கிச்சு. வலது கைங்க. ஊசி போடற கை.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லீங்க தம்பி. கேள்விப்பட்டதும் ஆப்பிளு, ஆர்லிக்ஸு எல்லாம் வாங்கிக் குடுத்து உட்டேன். புதுச் சார்ஜர் ஒண்ணும் வெச்சுக் குடுத்து உட்டேன். ஆமாங்க, நம்முளுதுதான், இந்துமதி. வேற எதைக் குடுக்கறது? கொண்டுட்டுப் போனவ என்ற மகதான். போனவ பொழுதோட வந்தா. வந்து, அந்தப் புதுச் சார்ஜரை என்ற முன்னால வெச்சு, அவங்கம்மா பாக்குவெட்டியை எடுத்து ஒரே நெருக்கு, பொளந்துட்டா. உள்ள பாருங்க, கட்டியா ஒரு துண்டு. வெறும் இரும்புத் துண்டுங்க, கோந்து போட்டு ஒட்டியிருக்குது. அந்தக் கனம் பூரா அதுதான். மத்தபடி உள்ள ஒரு பொட்டுக் கடலையளவு சாமான்.

'இதுக்குத்தாங்கப்பா கனம்'னா. சத்தம் போடலை, அழுகலை. அவ சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்லை.

என்னை மச்சான் ஏமாத்திட்டாரு தம்பி. இதுல என்ற தப்பு என்ன இருக்குது? இரும்பு வெச்சிருக்கறேன்னு வெளிய எழுதியா இருந்துச்சு? போன் போட்டா எடுக்கறதில்லை. ஒறம்பரைன்னு நம்புனது தப்பா? சோறு போட்டாரே!

சரி, மெதுவா ஒரு வழி பண்ணலாம், இருக்கற சரக்கு ஓடுன பொறவு நிறுத்திக்கலாம்னு நான் நெனைச்சுட்டு இருந்தேன். அடுத்த நாள் கடைக்கு வர்றேன், எல்லாக் கடைக்காரனும் என்ற மூஞ்சியை ஒரு மாதிரியாப் பார்க்கறான். கடைக்காரங்க அத்தனை பேரும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்புங்க, அதுல ஒரு சேதி. 'இந்துமதி சார்ஜரை ஆரும் விக்க வேண்டாம். வாங்குனவங்க ரெண்டு போனை ஒண்ணா மாட்ட வேண்டாம். அத்தனையும் எங்க கடைக்கே திருப்பிக் கொண்டாந்து குடுத்துருங்க. இப்படிக்கு, இந்துமதி.'

படிச்சுட்டு நான் அப்படியே ஸ்டூல்ல ஒக்காந்துட்டேன். ஊரான் போட்டிருந்தா கேசு போட்டிருப்பனுங்க. பெத்த மக! வேலியே பயிரை மேஞ்சா ஆருகிட்டப் போயிச் சொல்றது? மூட்டை மூட்டையாத் திரும்பி வந்து எறங்குது. ஒவ்வொரு மூட்டை மேலயும் அவ பேரு.

அன்னைக்கு நாலு வார்த்தை பேசிட்டேன். என்ன பேசுனேன்னு கேட்காதீங்க. அப்பன் பேசறதுதான். அவ கேட்டுட்டே துணிமணியைப் பையில வெச்சா. ஓசூர்ல அந்தம்மா கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துக்கிட்டாளாம், சரக்கைச் சோதனை பண்ற வேலை. வாசப்படியில நின்னுட்டு ஒண்ணு சொன்னா தம்பி, அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கவே இல்லை. 'நான் சார்ஜருக்காகப் போகலீங்கப்பா. நீங்க கையில அடிச்சு வாக்குக் குடுத்தீங்க. செவப்பு வந்த ரெண்டு தடவையும் நான் பூவைப் பார்க்கலை, உங்க மூஞ்சியைத்தான் பார்த்துட்டு நின்னேன்'னா. 'கடை போர்டுல இருந்து என்ற பேரை எடுத்துருங்க'ன்னா.

நான் என்னங்க வாக்கு மாறுனேன்? ஆத்தா வெள்ளைன்னுச்சு, வெள்ளைக்குக் குடுத்தேன். தப்புன்னா ஆத்தாகிட்டப் போயிக் கேட்கட்டுமே! பேரை மட்டும் நான் எடுக்கலை. அது எப்படி எடுக்கறது? அது நான் வெச்ச பேருங்க.

பெத்த மனசு பித்து, புள்ள மனசு கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க. போனதுல இருந்து என்ற கூட ஒரு வார்த்தை பேசறதில்லை. அவங்கம்மாகிட்ட மட்டும், என்ற ஊட்டுக்காரி பூங்கொடிகிட்ட, பேசுவா. நான் ஊட்டுக்குள்ள நொழைஞ்சா பூங்கொடி போனை எடுத்துட்டுக் கொல்லைப்பக்கம் போயிருவா. ஒரு நாளு கேட்டுட்டேன், 'உன்ற மகளுக்கு ஏன் இத்தனை வாய் நீளம்'னு. 'அவளுக்கு வாய் நீளமில்லீங்க, உங்களுக்குத்தான் காது குட்டை'ன்னா. இருவது வருசத்துக்கு மேல குடித்தனம் பண்ணுனவ சொல்ற பேச்சா இது?

அந்தச் சேரை ஆரும் எடுக்கலை, கல்லாவுக்குப் பக்கத்துலயே கெடக்குது. சரக்கெடுக்க வர்றவங்க அது மேல பையை வைக்கப் போனா, வேண்டாமுங்கன்னு சொல்லிருவேன். அவ மேசையைத் தொறந்தப்ப இந்தச் சார்ஜரு கெடந்துச்சு. ஓசூரு பீசு. சும்மா மாட்டிப் பார்ப்பமேன்னு மாட்டுனேன். அன்னைல இருந்து என்ற கையிலதான் இருக்குது. எங்க போனாலும் எடுத்துட்டுப் போயிருவேன். ஒரு நாளும் மக்கர் பண்ணுனதில்லை. லேசா இருக்கறதுனால பையில போட்டுக்கச் சௌகரியம், அவ்வளவுதான்.

தருமபுரி தாண்டிட்டமா? உங்க போன் எவ்வளவு ஏறிச்சு? பரவால்லையே! தொட்டுப் பாருங்க சார்ஜரை. அப்படி இல்லீங்க, பொறங்கையை வெச்சுப் பாருங்க, கொழந்தை நெத்தியில வெச்சுப் பார்க்கறாப்பல. சுடுதா? சுடாது. ரெண்டு போன் இருக்குது, பாருங்க, சுடறதில்லை.

இப்ப எதுக்கு ஓசூருன்னுதானே கேட்கறீங்க? தொழில் விசயமாத்தானுங்க. இந்தக் கடைக்காரனுங்க இருக்கறானுங்களே, என்ற சரக்கைத் தொட மாட்டேங்கறான். கோபிக்காரரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு, 'உங்க அம்மிணி எந்தச் சார்ஜரு நல்லதுன்னு சொல்லுதோ அதை எறக்குங்கண்ணா, கண்ணை மூடிட்டு எடுத்துக்கறோம்'னு. நான் இத்தனை வருசம் தொழில் பண்ணி வாங்காத பேரை அவ ஒரு சேதியில வாங்கிட்டா, பாருங்க. சரி, யாவாரமுன்னா வளைஞ்சுதான் போகோணும். அந்தப் பத்மஜாம்மாவுக்குப் போன் பண்ணுனேன். 'உங்க சரக்கே எடுத்துக்கறனுங்க, நீங்க சொன்ன வாட்டையே போடுங்க'ன்னேன். அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'எங்க சரக்கை எந்தக் கடைக்குக் குடுக்கறது, எந்தக் கடைக்குக் குடுக்கக் கூடாதுன்னு பார்க்கறது இப்ப இந்துமதிதான் சார். அவங்களை வந்து பாருங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி'ன்னாங்க.

அவங்க! என்ற மகளை அவங்கன்னு சொல்லுது அந்தம்மா. கேட்டதும் எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் என்னமோ, கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. செய்யற கம்பெனியை நான் பொறுக்கி எடுத்தது போயி, இப்ப நான் ஆகுமா ஆகாதான்னு அவ பார்க்கப் போறா. அதே வாசல்ல என்னை ஒக்கார வெப்பா. பேப்பர் கப்புல டீ வரும். வரட்டுமுங்க. குடிச்சுக்கறேன். திரும்பி வர்ற சரக்கை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலை.

ராயக்கோட்டை தாண்டிருச்சுன்னா அடுத்தது ஓசூருதானுங்களே? நேரம் ஓடிருச்சு. தம்பி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பெருசா ஒண்ணுமில்லை. இந்தாங்க, என்ற சட்டைப் பையில... இந்த ரெண்டு பொட்டணம். வாழையெலைங்க, வாடிப் போச்சு. காலையில வெடிஞ்சதும் ஆத்தா கோயிலுக்குப் போயிட்டுத்தான் வண்டியேறுனேன். பூசாரி கட்டிக் காலடியில வெச்சுட்டாரு, 'எடுங்க'ன்னாரு. எனக்குக் கையே வல்லீங்க. நின்னு நின்னு பார்த்துட்டு, ரெண்டையும் அப்படியே வாங்கிப் பையில போட்டுட்டு வந்துட்டேன். நான் எடுத்தா எதோ கோளாறாப் போயிருது. நீங்க வேத்து ஆளு, நல்ல புள்ளையாட்டத் தெரியறீங்க, நீங்க எடுத்தா ஆத்தா தப்பாச் சொல்லாது.

என்ன கேள்வின்னா... சரக்குக் கெடைக்குமான்னுதான். வேற என்ன. வெள்ளை வந்தா சரக்குக் குடுப்பா. குடுக்காட்டியும் போகுது. வெள்ளை வந்தா... வெள்ளை வந்தா, உள்ள இருந்து வரும்போது என்னைப் பார்த்து 'வாங்கப்பா'ன்னு சொல்லுவா. அவ்வளவுதானுங்க. அந்த ஒரு வார்த்தை போதும், நான் அடுத்த வண்டியைப் பிடிச்சு வெறுங்கையோட ஊருக்குப் போயிருவேன்.

எடுங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. ஆ, அது. பிரிங்க. மெதுவா, எலை கிழிஞ்சறப் போகுது.

ம்.

இல்லீங்க தம்பி, இல்லை. வண்டி வளைவுல ஆடுச்சுங்க, நான் பார்த்தனே, உங்க கை அக்கட்டப் போனது இக்கட்ட வந்துருச்சு. இதைக் கணக்குல சேர்க்க முடியாது. குடுங்க, நானே மடிச்சுத் தாரேன். ஏனுங்க என்னை அப்படிப் பார்க்கறீங்க? வண்டி ஆடுச்சுதானே, நீங்களும் பார்த்தீங்கல்ல? ஓசூரு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குது. இந்தாங்க சாமி, இன்னொருக்கா எடுங்க.